மரத்தடியில் சிறுத்தை உறுமினால் குரங்கு விழுமா?

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: சிறுத்தை மரத்தடியில் வந்து நின்று உறுமினால், மேலே இருக்கும் குரங்கு நடுங்கிப் பிடிநழுவித் தானாகவே கீழே விழுந்துவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்களே, அது மெய்யா? மெய்யில்லை என்றால், மரத்திலேயே பிறந்து மரத்திலேயே உறங்கும் ஒரு விலங்கைப் புலியும் சிறுத்தையும் எப்படித்தான் பிடிக்கின்றன? கூடவே, பொழுது சாயும் வேளையில் நாட்டுக்குரங்குக் கூட்டம் ஒன்று சோலையை விட்டு வந்து, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளை ஒட்டிய சில்வர் ஓக் மரங்களில் படுத்துக்கொள்வதைப் பல மாதங்களாகப் பார்ப்பதாகவும், இதற்கும் சிறுத்தைக்கும் தொடர்பு இருக்குமா என்றும் கேட்டிருக்கிறார். இவை தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும், குரங்கு எந்த இடத்தில், எந்த வேளையில் எளிதில் அகப்படும் என்பதற்கு விடை கிடைத்தால் மற்றவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

நீலகிரியிலும் முதுமலையிலும் ஊனுண்ணி விலங்குகளின் எச்சத்தைச் சேகரித்து ஆராயும் பணியிலும், சோலைகளில் கருமந்தி (நீலகிரி லங்கூர்) கூட்டங்களைப் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கும் பணியிலும் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இவ்வளவு காலத்திலும், சிறுத்தை பதுங்கத் தொடங்கியது முதல் குரங்கைக் கவ்வியது வரை முழுமையாக ஒரு வேட்டையை நான் நேரில் கண்டதில்லை. இது என் ஒருவனுடைய நிலை மட்டுமன்று. குரங்குக் கூட்டத்தோடு மனிதர் இருந்தால் சிறுத்தை அந்தப் பக்கம் வருவதைத் தவிர்த்துவிடும் என்பதைக் கென்யாவில் வெர்வெட் குரங்குகளை ஆராய்ந்த லின் இஸ்பெல், ட்ரூமன் யங் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆய்வாளர்கள் குரங்குகளோடு இருந்த நாட்களில் இழப்பு குறைந்தது. அவர்கள் விலகிப்போனபோது கூடியது. பார்க்கப் போகிறவரின் வருகையே பார்க்க வேண்டியதைத் தடுத்துவிடுவதால், இந்தப் பொருளில் நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி எச்சத்திலிருந்தும், எஞ்சிய உடலிலிருந்தும், கழுத்துப்பட்டைக் கருவிகளிலிருந்தும், பொம்மைச் சிறுத்தையை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்தும் வந்தது. நேரில் கண்டதாகச் சொல்லப்படும் கதைகளை இந்த அளவுகோலோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

எச்சம் சொல்வதை முதலில் பார்ப்போம். அதைக் கழுவிச் சலித்து, மிஞ்சும் மயிரை நுண்ணோக்கியில் வைத்து, மேற்புறச் செதில்களின் அடுக்கையும் உள்ளீட்டின் அமைப்பையும் கொண்டு எந்த விலங்கின் மயிர் என்று கண்டுபிடிக்கிறோம். தென்னிந்தியக் காடுகளில் சிறுத்தையின் எச்சத்தில் மந்தி (லங்கூர் வகைக் குரங்கு) மயிர் கிடைப்பது வழக்கமானதுதான். ஆகவே சிறுத்தை குரங்கு தின்கிறது என்பதில் ஐயமே இல்லை. ஆனால் எத்தனை எச்சத்தில் மந்தி மயிர் இருந்தது என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, இத்தனை பங்கு குரங்குதான் உணவு என்று சொல்லிவிட முடியாது. சிறிய இரைக்கு உடல் எடையோடு ஒப்பிடும்போது மயிர் அதிகம் என்பதால், ஒரு மந்தியைத் தின்ற சிறுத்தை ஒரு கடமானைத் தின்ற சிறுத்தையைவிட, தின்ற ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதலான எச்சத்தில் தடயம் விட்டுவைக்கும். அதற்கான திருத்தக் கணக்கைப் போட்ட பிறகே பங்கு தெரியும். அப்போதும், அந்த மந்தி மரத்தில் பிடிபட்டதா தரையில் பிடிபட்டதா, இரவா பகலா, கடுவனா குட்டியா, கொல்லப்பட்டதா செத்துக்கிடந்ததா என்பதில் ஒன்றையும் மயிர் சொல்லாது.

எடைக் கணக்கு வேறொரு வெளிச்சம் தருகிறது. முதுமலையோடு ஒரே தொடர் காடாகக் கிடக்கும் பரப்பின் வடபகுதியான நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த், மெல்வின் சன்குவிஸ்ட் இருவரும் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், புலி கொன்ற முக்கிய இரைகளின் சராசரி எடை 91.5 கிலோ, சிறுத்தைக்கு 37.6 கிலோ. வளர்ந்த கருமந்தி ஏறத்தாழ 9 முதல் 15 கிலோ வரை இருக்கும்; நாட்டுக்குரங்குப் பெண் நான்கு கிலோவை ஒட்டியும், கடுவன் ஒன்பது கிலோவுக்குள்ளும்தான் நிற்கும். ஓர் ஆண்டுக்கு மான் அளவிலான இரை ஏறக்குறைய ஐம்பது வேண்டியிருக்கும் புலிக்கு, பதுங்கிப் பாய்ந்து களைத்துப் பிடிக்கும் ஒரு மந்தி கட்டுப்படியாகாது. தரையில் எதிர்ப்பட்டால் விடாது; தேடிப் போவதில்லை. புலியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. இந்த மலைகளில் குரங்கு வேட்டை என்று பேசினால் அது சிறுத்தையைப் பற்றிய பேச்சுத்தான். பத்து முதல் நாற்பது கிலோ வரையிலான இரையே சிறுத்தைக்கு மிகவும் உகந்தது என்பதால், மந்தி அதன் கீழ் எல்லையில் வந்து பொருந்துகிறது. நாட்டுக்குரங்கு அந்த எல்லைக்கும் கீழே இருக்கிறது. முதுமலையின் தாழ்வான பகுதிகளில் புள்ளிமான் கூட்டம் கூட்டமாக உண்டு. மேல்மட்டச் சோலைகளில் அது இல்லை. அங்கே கடமானும் கேளையாடு என்னும் சிறு மானும் முயலும் முள்ளம்பன்றியும் போக, கருமந்தியின் மதிப்பு கூடத்தான் செய்யும்.

இனி உறுமல் கதைக்கு வருகிறேன். சிறுத்தை உறுமியதால் மட்டுமே குரங்கு பிடிவிட்டு விழுந்தது என்பதற்கு நம்பத்தக்க பதிவு ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை; சிறுத்தையின் வேட்டை முறையை அறிந்தவர்களுக்கு அந்தக் கதை பொருந்தாததாகவே தோன்றும். சிறுத்தை குரல் கொடுப்பது உண்டு. மரம் அறுக்கும் வாளின் ஓசையைப் போல, இழுத்து இழுத்து வரும் அந்தக் கரகரப்பை மலையில் வாழ்கிறவர்கள் இரவில் கேட்டிருப்பீர்கள். அது எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் எழுப்பும் குரல். இரையை நெருங்கும்போது அது மூச்சுக்கூட வெளியே கேட்காதபடிதான் நகரும். ஏனென்றால் சிறுத்தை நெடுந்தூரம் துரத்திப் பிடிக்கும் விலங்கன்று, சில மீட்டர் தொலைவுக்குள் காணப்படாமல் வந்துசேர்ந்தால்தான் அதன் பாய்ச்சலுக்குப் பயன் உண்டு.

ஆயினும் அந்தக் கதைக்குள் ஒரு மெய் இருக்கிறது. சுற்றிலும் வேறு மரம் இல்லாத தனிமரத்தில் மந்திகள் இருக்கையில் சிறுத்தை அதில் திடீரென்று ஏறினால், அவை கலங்கிக் கீழே குதித்து அடுத்த மரத்தை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தில்தான் அகப்படுகின்றன. சிலசமயம் கிளையிலேயே பாய்ந்து, கவ்விய குரங்கோடு சேர்ந்தே தரையில் விழுகிறது சிறுத்தை. மத்தியப் பிரதேசத்தின் பன்னா புலிகள் காப்பகத்தில் எடுக்கப்பட்டு 2022இல் வெளியான காணொளி ஒன்றில் இத்தகைய பாய்ச்சலைப் பலரும் பார்த்திருக்கலாம். மந்திகளின் கூச்சலைக் கேட்டு ஓடிவந்த மனிதர் கண்டது, மேலிருந்து குரங்கு விழுந்ததையும் கீழே சிறுத்தை நின்றதையும் மட்டுமே என்றால், இடையில் நடந்ததை உறுமலாக இட்டு நிரப்பிக்கொண்டது இயல்புதான். இது என் ஊகம். ஆனால் பெரியவர்கள் ஒன்றுமே இல்லாததைச் சொல்லவில்லை என்று நான் நம்புகிறேன்.

சிறுத்தை நன்றாக மரம் ஏறும் என்பதால் மரத்தில் குரங்கை விரட்டிப் பிடித்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. தென்னாட்டுச் சிறுத்தையில் பெண் முப்பது கிலோவை ஒட்டியிருக்கும், ஆண் ஐம்பதைத் தாண்டும். அடிமரமும் பருத்த கிளையும் அதைத் தாங்கும். கருமந்தி ஊசலாடும் கிளைநுனி தாங்காது. பகலில், இலைக்கூரை இடையறாமல் பின்னிக்கிடக்கும் சோலையில், தன்னைக் கண்டுகொண்ட மந்தியைச் சிறுத்தை பிடிப்பது ஏறக்குறைய நடவாத காரியம். அதனால்தான் இந்த வேட்டையில் வலிமையைவிட, கூரிய பல்லைவிட, காணப்படாமல் இருப்பதே முதன்மையானது என்று சொல்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள இரு தரப்பின் கண்களைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாட்டுக்குரங்குக்கும் மந்திகளுக்கும் நம்மைப் போலவே மூவகை நிற உணர்வு உண்டு. மான்களுக்கு இருவகை மட்டுமே என்பதால், புலியின் செம்மஞ்சள் நிறம் அவற்றின் கண்ணுக்குப் புதரின் பச்சையோடு கலந்துபோய்விடும். குரங்குக்கோ அது தனித்துத் தெரியும். அதோடு அது மேலிருந்து பார்க்கிறது. மந்திகள் மேயும் மரத்தடியில் புள்ளிமான்கள் கூடுவதை முதுமலைச் சாலையோரத்திலேயே காணலாம். அவை உதிரும் இலைக்கும் காய்க்கும் வருகின்றன. மேலே விழித்திருக்கும் கண்களின் காவலும் அவற்றுக்குச் சேர்ந்தே கிடைக்கிறது. இருட்டியதும் நிலை மாறிவிடுகிறது. பூனைக் குலத்தின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் சிறுத்தையின் கண் சுடர்வது அதனால்தான். நம் குரங்குகளுக்கு அந்தப் படலம் கிடையாது. பகல் முழுக்கக் கண்ணால் பிழைத்த விலங்கு இரவில் ஏறக்குறையக் குருடாகிவிடுகிறது.

காணப்பட்ட பிறகு சிறுத்தை என்ன செய்கிறது என்பதை மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் ‘தாய்’ (Taï) என்னும் காட்டில் நடந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. வானொலிப் பட்டை பூட்டிய சிறுத்தைகளைக் கிளாவ்ஸ் சூபர்பூலரும் உடனிருந்தோரும் தொடர்ந்து கவனித்ததில், குரங்குகள் அபாயக் குரல் எழுப்பியதும் அவை பதுங்கிடத்தைக் கைவிட்டு வேறு பக்கம் நகர்ந்துவிட்டன. 1999இல் வெளியான அந்த முடிவின்படி, குரல் தோழர்களை எச்சரிப்பதோடு நிற்பதில்லை. ‘உன்னைப் பார்த்துவிட்டோம், இனி காத்திருந்து பயனில்லை’ என்று சிறுத்தைக்கே அறிவிக்கிறது. அதே காட்டில் சிம்பன்சிகள் வரும்போது அந்தக் குரங்குகள் ஓசையின்றி விலகி ஒளிந்துகொள்கின்றன. காரணம், சிம்பன்சி கிளைநுனிவரை துரத்தி வரும், கத்தினால் இருக்கும் இடம்தான் தெரியும். பழனி மலையிலும் நீலகிரியிலும் லேகியத்துக்கென்று கருமந்தியைச் சுட்டுத் தள்ளிய காலம் இருந்தது. அப்படி வேட்டையாடப்பட்ட இடங்களில் அவை மனிதரைக் கண்டதும் சத்தமின்றி இலைக்குள் மறைவதற்கும் இதே காரணம்தான் என்று கருதுகிறேன்.

நம் ஊர்க் குரங்குகளைப் பற்றியே முதுமலையில் மிக அருமையான சோதனைகள் நடந்திருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. உமா ராமகிருஷ்ணன், ரிச்சர்ட் காஸ் ஆகியோர் நாட்டுக்குரங்குகள் முன் சிறுத்தை பொம்மையைச் சற்று நேரம் காட்டி, அவை எவ்வளவு விரைவில் ஓடுகின்றன என்று அளந்தார்கள். புள்ளிகள் கொண்ட மஞ்சள் உடலைக் கண்டதும் அவை தெறித்து ஓடின. அதே வடிவத்தைக் கருநிறத்தில் காட்டியபோது அவ்வளவு வேகம் இல்லை. உடலின் ஒரு பகுதி மட்டும் புதருக்கு வெளியே தெரிந்தபோதும் அந்தப் புள்ளிகளே அடையாளமாயின. கருமந்தி, சாம்பல் மந்தி, கடமான் ஆகியவற்றின் அபாயக் குரல்களைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டபோதும் நாட்டுக்குரங்குகள் ஓடி மரமேறின. வளர்ந்த குரங்குகள் தம் இனத்து இளங்குரங்கின் அலறலை, பெரியவற்றின் அலறல் அளவுக்கு நம்புவதில்லை என்பதும் வெளிப்பட்டது. சிறுத்தையின் புள்ளிகளைக் குரங்கு அறியும் என்பது இவற்றால் உறுதி.

குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் இங்கே உடனே கருஞ்சிறுத்தையை நினைப்பீர்கள். ஈரமும் நிழலும் மிகுந்த காடுகளில் கருநிறச் சிறுத்தைகள் அதிகம் தென்படுகின்றன என்பது உறுதி. அது தனி இனமில்லை, பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்துசேரும் ஒரு மரபுக்கூறின் விளைவு என்பதும் உறுதி. கருநிற பொம்மைக்குக் குரங்குகள் மெதுவாகவே எதிர்வினை காட்டின என்பதை அதோடு சேர்த்துப் பார்த்தால், கருஞ்சிறுத்தைக்குக் குரங்கு வேட்டை எளிதாக இருக்கும் என்று தோன்றும். தோன்றுவதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அது இன்னும் ஊகமே. பொம்மை அசையாது, மணக்காது, பதுங்காது. உயிருள்ள கருஞ்சிறுத்தையின் உணவில் குரங்கின் பங்கு கூடுதல் என்று காட்டப்பட்டால்தான் அதை உண்மை என்று சொல்லலாம்.

ஆக, குரங்கு அகப்படும் தருணங்கள் இரண்டு. ஒன்று, அது தரையில் இருக்கும்போது. கருமந்தி மரவாசிதான் என்றாலும், சோலை துண்டுபட்ட இடங்களில் ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குத் தேயிலைப் புதர்களுக்கு ஊடேயும் சாலையைக் கடந்தும் நடந்தே போகிறது. கொடைக்கானல் பக்கம் சோலைக்கும் சோலைக்கும் இடையே பைனும் யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டு நிரப்பப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கிளைக்குக் கிளை தாவிப் போகும் வழி பல இடங்களில் அறுந்துபோகிறது. இடுப்பளவு தேயிலைப் புதர், பதுங்கும் சிறுத்தைக்கு வேண்டிய உயரமும் அடர்த்தியும் கொண்டது. மந்தியின் பார்வை மேலிருந்து கீழே பாயும்வரைதான் அதற்குப் பலம். கீழே இறங்கிவிட்டால் கேளையாட்டைவிட மோசமான நிலை; ஏனென்றால் தரையில் அது அவ்வளவு வேகமாக ஓடும் விலங்கன்று. பிடித்த குரங்கைச் சிறுத்தை பிடரியிலோ மண்டையிலோ கடித்து நொடியில் முடித்துவிடும். தின்னும் முன் மயிரைப் பல்லால் பிய்த்துத் துப்பும் வழக்கம் உண்டு. புதரடியில் மந்தி மயிர் கற்றை கற்றையாகக் கிடந்தால் அதை முதல் தடயமாகக் கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஆதிமனித இனக் குழந்தை ஒன்றின் மண்டையோட்டில் இருக்கும் இரு துளைகள் சிறுத்தையின் கீழ்க் கோரைப்பற்களின் இடைவெளிக்குச் சரியாகப் பொருந்துகின்றன என்பதை நினைத்துப் பார்க்கிறேன். இந்தக் கடிக்கு நம் குலமும் விலக்காக இருந்ததில்லை.

மற்றொன்று, இரவில் உறங்கும்போது. கென்யாவின் லைக்கிப்பியாவில் சிறுத்தைகள், பபூன்கள், வெர்வெட்கள் மூன்றுக்கும் ஜிபிஎஸ் பட்டை பூட்டிச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், சிறுத்தை வெர்வெட் குரங்குகளைப் பகலிலும் பபூன்களை இரவிலும் தாக்கியது தெரியவந்தது. பகலில் பபூன் கடுவன்கள் திரண்டு திருப்பித் தாக்கும் வலிமை உள்ளவை, இரவில் அந்த வலிமை பயன்படாது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். இதை அப்படியே எடுத்து நம் கருமந்திக்குப் பொருத்திவிட முடியாது. காடு வேறு, கூட்டத்தின் அளவு வேறு. ஒரே சிறுத்தை இரைக்கேற்ப வேளையை மாற்றிக்கொள்கிறது என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மற்ற கண்டங்களின் பூனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், சிங்கம் வாய்ப்பு நேரும்போது பபூனைக் கொல்லும். ஜாகுவார் தென்னமெரிக்க ஊளைக்குரங்குகளை மரத்தில் ஏறியும் பிடிக்கும். பிரேசிலில் மார்கே என்னும் சிறு பூனை, தாமரின் குரங்குக் குட்டியின் குரலைப் போலக் கத்தி அவற்றை ஈர்க்க முயன்றதாக ஒரு பதிவு உண்டு. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் அது 2005இல் மனாவுஸ் அருகே நேர்ந்த ஒரே நிகழ்வு. அந்த முயற்சியும் பலிக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு பூனைகளெல்லாம் குரங்கைப் போலக் குரல் கொடுத்து ஏமாற்றும் என்று சொல்லித் திரிவது சரியன்று.

இப்போது உங்கள் லைன் வீட்டு மரங்களுக்கு வரலாம். நாட்டுக்குரங்குகள் உறங்கும் மரத்தை எப்படித் தேர்கின்றன என்பதையும் உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும் முதுமலையில் கவனித்து 2001இல் எழுதினார்கள். உயரமான மரம், கனம் தாங்காத மெல்லிய கிளை, மனிதக் குடியிருப்புக்கு அருகாமை ஆகியவையே அவற்றின் தேர்வாக இருந்தன. நீங்கள் காணும் கூட்டம் செய்வதும் அதுதான். சில்வர் ஓக் நெட்டையாக எழும்பும். பக்கக் கிளைகள் மெலிந்தவை. அடியில் ஆள் நடமாட்டமும் விளக்கும் இருக்கின்றன. சிறுத்தை ஏறினாலும் கிளையின் அதிர்வே குரங்கை எழுப்பிவிடும். ஆகவே தொடர்பு உண்டு என்றே சொல்வேன். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். குப்பைத்தொட்டியும் கொல்லைக் காய்கறியும் விடிந்ததும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் ஒரு காரணம், இரண்டையும் வெறும் பார்வையால் பிரித்துவிட முடியாது. அதோடு, குடியிருப்பின் அருகே சிறுத்தை வருவதே இல்லை என்றும் பொருளில்லை. மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டாரத்தில் வித்யா ஆத்ரேயாவும் உடனிருந்தோரும் செய்த ஆய்வில், அங்கே சிறுத்தை உண்ட உணவின் எடையில் 39 விழுக்காடு நாய். நம் மலையூர்களிலும் சிறுத்தை லைன் வீட்டுப் பக்கம் வருவது பெரும்பாலும் நாயைத் தேடித்தான். குரங்கு அதற்கு அடுத்தபடி.

இரவில் அந்த மரங்களிலிருந்து குரங்குகள் ஓரிரு முறை கத்தி அடங்கினால் அது தமக்குள் இடம்பிடிக்கும் சண்டையாக இருக்கலாம். ஒரே திசையைப் பார்த்து விடாமல் கத்தினால், அதோடு பள்ளத்திலிருந்து கடமானும் குரல் கொடுத்தால், சிறுத்தை நடமாடுகிறது என்றே கொள்ளுங்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு தேடிப் போக வேண்டாம். நாயை வீட்டுக்குள் கட்டுங்கள், மீந்த சோற்றையும் இறைச்சிக் கழிவையும் வாசலில் கொட்டாதிருங்கள், எந்தப் பக்கம் பார்த்துக் கத்தின என்பதைக் காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அந்தப் பாத்தியில் அவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே இறங்கட்டும்.